நாலரை வண்டி

2019 மே 12, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். நானும் என் மனைவி செலினும் ஆறு மணிப் பூசைக்குப் போனோம். திரும்பும் வழியில் பாலும், அக்கா படத்துக்கு இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினோம். இட்லி சாப்பிட்டோம். செய்தித்தாளை மடித்து அதன் இடத்தில் வைத்தேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் ஒருமுறையும், நான் சரியாகப் பார்த்தேனா என்று செலின் ஒருமுறையும் பார்த்தோம். எட்டேகாலுக்கு அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கடலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, கேப்பர் மலைக்கு மாமாவைப் பார்க்கப் போக வேண்டும்.

மாமா என் அக்காவின் கணவர். அக்கா இறந்து ஓராண்டு முடிந்து, வருஷப் பூசையும் போன மாதம் வைத்தாகிவிட்டது. அதன் பிறகு முதல் முறையாகப் போகிறோம். சும்மா போகவில்லை, ஒரு வேலையோடு போனோம். வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து அக்கா மகள் மெர்சி பேசியிருந்தாள்.

“மாமா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அவரை இங்க கூட்டிட்டு வந்துடணும். எழுபத்திரண்டு வயசாவுது. அந்த மரத்துக்கு நடுவுல ஒத்தையில விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? வீட்டைப் பூட்டச் சொல்லுங்க மாமா.”

அவள் சொல்வதில் தப்பு இல்லை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன். முழங்கால், இரத்த அழுத்த மாத்திரை, மழைக்காலத்தில் வழுக்கும் சரிவு, பாம்பு. செலினிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “ஆபீஸ்ல நோட்டு எழுதி மேல அனுப்பற மாதிரி இருக்குது” என்றாள்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு உயரம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். எங்கள் ஊரில் மழை பெய்தால் தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. அதனால் கேப்பர் மலை எங்களுக்கு மலைதான். ஊட்டிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடலூர் ஊரைத் தாண்டியதும் சாலை சிவப்பாகி மேலே ஏறும். இரண்டு பக்கமும் முந்திரி, நடுநடுவே பலா, வேலியோரம் பனை. டவுன் பஸ் இரண்டாவது கியரில் முனகும்போது ஜன்னல் வழியாக இலைகள் உள்ளே வந்துவிட்டுப் போகும். கடலூரில் வியர்த்த சட்டை மேலே இறங்கும்போது காய்ந்திருக்கும். பஸ் ஒரு நிழற்குடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நிற்கும். திரும்பும்போது டிரைவர் ஒரு ஹாரன் கொடுப்பார். அங்கிருந்து மாமா வீடு கூப்பிடு தூரம். அந்த ஹாரன் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். இது முக்கியம். மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்த ஹாரனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வந்தவர்களை அவர் போக விடமாட்டார். அவ்வளவுதான் மாமா. மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

செலின் அந்த வீட்டுக்கு முதல் முறை வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. மாலையில் கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தால் அவளுடைய புதுச் செருப்பைக் காணவில்லை. என்னுடையதும் இல்லை. நாய் தூக்கிப்போய்விட்டதோ என்று முந்திரித் தோப்பு வரை தேடினோம். மாமாவும் கூடவே டார்ச் எடுத்துக்கொண்டு வந்து அக்கறையாகத் தேடினார். பஸ் ஹாரன் கேட்டது. “மாமா, பஸ்ஸு!” என்று கத்தினேன். “அது லாரி மச்சான். கல்லு ஏத்தற லாரி” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். மறுநாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போன செலின், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு செருப்பும் ஒழுங்காக அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். கேட்டதற்கு, “வேர்வை நாத்தம் போவட்டும்னு வெயில்ல வெச்சேன்மா” என்றார். ராத்திரி முழுக்க என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை. புது மருமகள்.

இத்தனைக்கும் அவர் வேலை என்ன தெரியுமா? அரசு பஸ்ஸில் டைம் கீப்பர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மைக்கில் ஊர்ப் பேர் சொல்லி, விசில் அடித்து, வண்டியை நேரத்துக்கு வெளியே அனுப்புவது. விருத்தாசலம் வண்டி ஒரு நிமிடம் கூட நின்றால் கண்டக்டரைக் கிழித்துவிடுவாராம். மாவட்டத்தில் எந்த ஊருக்கு எந்த வண்டி எப்போது போகும் என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அதனாலேயே அவர் சொல்லும் பொய் நேரத்தை எல்லோரும் நம்பினார்கள். டைம் கீப்பரே சொல்லும்போது யார் சந்தேகப்படுவது?

ஒருமுறை கேட்டே விட்டேன். “பஸ் ஸ்டாண்டுல வண்டி ஒரு நிமிஷம் நின்னா குதிக்கிறீங்க. வீட்டுல ஆளைப் புடிச்சு வெச்சுக்கறீங்களே மாமா.”

“முப்பது வருஷமா வந்தவனையெல்லாம் அனுப்பிக்கிட்டே இருக்கேன் மச்சான். ‘கெளம்பு கெளம்பு’ன்னு சொல்லியே வாய் வலிக்குது. வீட்டுல வந்தும் அதையே சொல்லணுமா?” என்றார். 

செருப்புக்கு அடுத்த ஆயுதம் பலாப்பழம். கிளம்புகிறோம் என்று யாராவது எழுந்தால், உடனே கோணியை விரித்துப் பழத்தைத் தூக்கி வைத்துக் கத்தியை இறக்கிவிடுவார். அறுத்த பழத்தை அப்படியே போட்டுவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், சுளை எடுத்து, கொட்டை பிரித்து, பிசின் போகக் கை கழுவி முடிவதற்குள் ஒரு வண்டி போய்விடும். கழுவி முடித்ததும் அக்கா காபி கொண்டுவருவாள். அதில் இன்னொரு வண்டி போய்விடும்.

புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒருமுறை வீடு மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம்தான். அவர் கிளம்பியபோது மாலையாகியிருந்தது. கோயிலில் ஜெபமாலைக்குக் கூடிய பெண்கள் தாங்களாகவே தொடங்கிப் பாதி மாலைக்கு மேல் சொல்லிவிட்டார்களாம். ஃபாதர் மாமாவின் ஹவாய் செருப்பில்தான் இறங்கிப் போனார். அடுத்த முறை வந்தபோது, தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இன்னொரு முறை முகூர்த்த நாளில், அடிவாரத்துத் திருவந்திபுரத்தில் கல்யாணம் முடித்துவிட்டு வந்த ஒரு வேன், மாமா வீட்டுக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. யார் வீட்டுக் கல்யாணமோ, எந்த ஊரோ. டயர் மாற்றிய பிறகும் அந்த வேன் கிளம்பவில்லை. நான் போனபோது மணப்பெண் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மருதாணிக் கையில் தேங்காயெண்ணெய் தடவிச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மாலையோடு பலாக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அன்று அவள் முகம் கல்யாண வீட்டுக்காரி முகம்.

ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. கூடையை இறக்கினால் மாமாவிடம் மாட்டிக்கொள்வார். காபி, அப்புறம் பேச்சு, அப்புறம் ஒரு வாய் சோறு. மீதி மீன் நாறுகிறது என்று அவர் புலம்புவார். “இந்த மலையில ரெண்டு எடத்துலதான் ஆளை வெளிய வுட மாட்டாங்க தம்பி. ஒண்ணு ஜெயிலு. இன்னொண்ணு உங்க மாமா வீடு” என்று என்னிடம் சொல்வார். மாமா உள்ளே இருந்து, “ஜெயில்ல மீன் கொழம்பு போடுவானா?” என்று கேட்பார்.

எல்லாவற்றையும் சிரிப்பாகவே சொல்லிவிட்டுப் போக முடியாது. தொண்ணூற்றொன்பதில் எனக்குச் சென்னையில் இலாகாத் தேர்வு. திங்கட்கிழமை காலையில் அங்கே இருக்க வேண்டும். ஞாயிறன்று மலையில் இருந்தேன். நாலரை வண்டிக்கு எழுந்தபோது, “ஆறரைக்கு ஒரு வண்டி இருக்குது மச்சான், நேரா முதுநகர் போவும், அங்க சிதம்பரம் வண்டியப் புடிச்சுக்கலாம், உக்காரு” என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி ஓடாது. அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இருட்டும் வரை நிழற்குடையில் நின்று, முந்திரிக்கொட்டை மூட்டை ஏற்றிய டெம்போவில் தொங்கி இறங்கி, சிதம்பரம் போய் ஹால் டிக்கெட் எடுப்பதற்குள் ரயில் போய்விட்டது. தேர்வு போனது, பதவி உயர்வும் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதன் பிறகு மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அக்கா போன் செய்தால் செலின்தான் பேசுவாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாமா எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். தோளில் ஒரு பலாப்பழம். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி அதைச் சுமந்து வந்திருக்கிறார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பழத்தை இறக்கி வைத்தார், காபி குடித்தார். செலின் இலை போடப் போனாள். அதற்குள் எழுந்துவிட்டார்.

“இருங்கண்ணே, சாப்பிட்டுப் போவலாம்.”

“இல்லம்மா, பத்தே முக்காலுக்கு வண்டி இருக்குது. அவ ஒத்தையில இருப்பா.”

அவரை எங்கள் வீட்டில் யாரும் பிடித்து வைக்க முடிந்ததில்லை. அக்காவோடு வந்தால் இரண்டு நாள் கூட இருப்பார். தனியாக வந்தால் பத்து நிமிடம். கல்யாணம், சாவு, ஞானஸ்நானம், எதுவானாலும் பத்து நிமிடம். அந்த வேடிக்கையை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. 

2011 கடைசியில் அடித்த தானே புயலில் அந்த மலையே மொட்டையானது. முந்திரி மரங்கள் வேரோடு வானம் பார்த்துக் கிடந்தன. மாமா வீட்டுக் கொல்லைப் பலா விழவில்லை, பாதி சாய்ந்து நின்றது. வெட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மூன்று சவுக்குக் கம்பத்தை முட்டுக்கொடுத்து, வேரில் மண் அணைத்து, தினமும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மரத்தைக்கூடப் போவ வுட மாட்டேங்கறாரு” என்று அக்கா சொன்னாள். நான்காவது வருடம் அது மறுபடி காய்த்தது, சாய்ந்த நிலையிலேயே.

இப்போது மாமா இல்லை. நான் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒரு ஐப்பசியில், பகல் தூக்கத்தில் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாருக்கும் யார் செருப்பு எது என்று தெரியவில்லை. மழையில் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பழக்கதோஷத்தில் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பழைய கண்டக்டர்.

அந்த ஞாயிறுக்கு வருகிறேன்.

நிழற்குடையில் இறங்கியதும் மீன்கார அம்மா எதிரில் வந்தார். கூடை தலையில் இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

“என்னம்மா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?” என்றாள் செலின்.

“என்னத்தைச் சொல்றது. இப்பல்லாம் வாங்கிட்டு உடனே வுட்டுடறாரு உங்க அண்ணன். ‘ஒனக்கு யாவாரம் இருக்கும், போம்மா’ங்கறாரு. எனக்கே ஒரு மாதிரியா இருக்குது. இன்னும் கொஞ்சம் நேரம் நின்னேன். காபின்னு ஒரு வார்த்தை வரலியே.”

செலின் என்னைப் பார்த்தாள். நான் என் முழங்கால், மாத்திரை, சரிவு, பாம்பு வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா வாசலிலேயே இருந்தார். “வா மச்சான். வாம்மா. வெயில்ல வந்திருக்கீங்க” என்றார். சட்டை துவைத்துத் தேய்த்ததாக இருந்தது. வீடு சுத்தமாக இருந்தது. அக்கா படத்துக்கு மல்லிகை சாத்தினோம். மூலையில் ஒரு பலாப்பழம் கோணி மேல் பழுத்துக் கிடந்தது. சாய்ந்த மரத்துப் பழம், வாசனை அடுப்பங்கரை வரை இருந்தது. அவரே சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார், நன்றாக இருந்தது. எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார். அவராக எதுவும் கேட்கவில்லை. வெளியே காற்றில் முந்திரி இலைகள் காகிதம் புரட்டுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

கை கழுவியதும் நான் ஆரம்பித்தேன். “மாமா, மெர்சி பேசுனா.”

“ஆமா, என்கிட்டயும் சொன்னா.”

“ஒங்களுக்கு முழங்கால் வேற...”

“சரி மச்சான்.”

“இல்ல மாமா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“ஓசூருக்குத்தானே? போயிடறேன். எப்பன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. கரண்டு ஆபீசுல எழுதிக் குடுக்கணும்.”

என் கையில் மாத்திரையும் சரிவும் பாம்பும் செலவாகாமல் நின்றன. வந்த வேலை முடிந்துவிட்டது. பஸ்ஸில் நான் நினைத்திருந்தது ஒரு மணி நேர வாக்குவாதம். தன் வீட்டு வாசலில் எவன் கால் வைத்தாலும் வெளியே விடாத மனிதர், தன்னை வெளியே போகச் சொன்னதும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

கொஞ்சம் படுத்தோம். நான்கு மணி இருக்கும், மாமா எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் செருப்பை எடுத்து, ஒன்றோடொன்று தட்டிச் செம்மண்ணை உதறி, படிக்குக் கீழே ஜோடி ஜோடியாக வைத்தார். நுனி தெருவைப் பார்த்து இருந்தது.

“நாலரை வண்டி. கெளம்புங்க, நேரமாச்சு.”

அந்தக் குரலை நான் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கிறேன். மைக்கில் ஊர்ப் பேர் சொல்லும் குரல். வீட்டில் அதை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

நான் பையை எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அலுவலகம் இருந்தது. வண்டி இருந்தது. கிளம்பச் சொல்கிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. செலின் பையை எடுக்கவில்லை. அடுப்பங்கரைக்குள் போனாள். எண்ணெய்ப் புட்டியும் கத்தியுமாக வந்தாள். மூலையில் கிடந்த கோணியை நடுக்கூடத்துக்கு இழுத்து, பழத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னாம்மா பண்ற?” என்றார் மாமா.

“பழம் அழுவிப்போவும்ணே.” கத்தியை இறக்கினாள்.

“வண்டி வந்துரும்.”

“வரட்டும்.”

“அந்தப் பழம் எங்க போவப்போவுது? எடுத்துக்கிட்டுப் போங்க, கட்டித் தர்றேன்.”

“அறுத்தாச்சுண்ணே. ஒக்காருங்க. கையை நீட்டுங்க.” அவர் கையில் அவளே எண்ணெய் ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும்தான். பையை என்னா கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க?” என்றாள்.

உட்கார்ந்தோம். நடுத்தண்டைச் சுற்றிக் கத்தி போனது. பால் வடிந்து கோணியில் ஒட்டியது. நான்கைந்து சுளை எடுத்திருப்போம். நிழற்குடைப் பக்கம் ஹாரன் கேட்டது. மாமாவின் கை நின்றது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

“அது லாரி” என்றாள் செலின்.

மாமா அவளையே பார்த்தார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய புது மருமகளை அப்போதுதான் அவருக்கு அடையாளம் தெரிந்ததுபோல் இருந்தது. பஸ் சரிவில் இறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

“ஏண்ணே,” என்றாள் செலின், சுளையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்களை எதுக்குத் தொரத்தறீங்க?”

“யாரு தொரத்துனது? ஒங்களுக்கு வேலை இருக்கும்.”

“வேலை எப்பதான் இல்ல? அப்பல்லாம் செருப்பு மாடிக்குப் போச்சே.”

மாமா ஒரு கொட்டையைச் சுளையிலிருந்து பிதுக்கி எடுத்தார். அதன் மேல் தோலை உரித்துக்கொண்டே இருந்தார்.

“அவ வாயத் தொறந்து இருங்கன்னு சொல்ல மாட்டாம்மா. ஒங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். தம்பி எழுந்தான்னா, அடுப்பங்கரையில போயி, ‘போறாங்களாம்’ம்பா. அவ்ளோதான். அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு அந்த மூஞ்சியைப் பாக்க முடியாது. சோறு எறங்காது. அதான் செருப்பைத் தூக்கிக்கிட்டுப் போயி மேல வெப்பேன். அவளுக்குத் தெரியும். காபி தண்ணியை ஏத்திடுவா.”

நான் அந்த வேன் நின்ற நாளை நினைத்தேன். சேலைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டு ஓடிய அக்காவை நினைத்தேன். தேர்வுக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் அடுப்பங்கரையில்தான் நின்றிருப்பாள்.

“இப்ப அவ இல்ல,” என்றார் மாமா. “அவ தம்பியை அவளுக்காகப் புடிச்சு வெச்சேன். நியாயம் இருந்துது. இனிமே எந்த உரிமையில புடிச்சு வெக்கறது? வந்து பாக்கறீங்க. அதே பெருசு. செருப்பை ஒளிச்சு வெச்சா, கெழவனுக்கு வேற வேலை இல்லன்னு போயிடும்.”

இதற்கான பதிலை நான் பஸ்ஸில் வரிசைப்படுத்தியிருக்கவில்லை. செலின்தான் கேட்டாள்.

“சரி, அக்காவுக்காகத்தான். ஒங்களுக்கு நாங்க இருக்க வேணாமாண்ணே?”

அவர் உரித்த கொட்டையைத் தட்டில் போட்டார். எண்ணெய்க் கையின் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் எதிரில் இருந்த ஒரு பெரிய சுளையை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

“மாமா, இது நல்லா இருக்குது. தின்னுங்க.”

வாங்கித் தின்றார்.

அப்போது மெர்சி என் போனில் கூப்பிட்டாள். மூன்று பேர் கையிலும் பிசின். செலின் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, அப்பாகிட்ட பேசுனீங்களா? என்னா சொன்னாரு?”

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“இப்ப எப்படிம்மா வர்றது? வீட்டுல விருந்தாளி இருக்காங்க.”

“விருந்தாளியா? யாரு?”

“ஒங்க மாமாவும் அத்தையும்.”

“அப்பா! அவுங்க ஒன்னைக் கூட்டிட்டு வர ஏற்பாடு பண்ண வந்தவங்க!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. பழம் அறுத்தாச்சு. நீ பிள்ளைங்களை அழைச்சிக்கிட்டு லீவுக்கு இங்க வா. இன்னும் ஆறு பழம் நிக்குது.”

பிறகு மெர்சி, “என் செருப்பை மட்டும் ஒளிச்சு வெச்சீன்னா பாரு” என்றாள். செலின் எழுந்துபோய்க் காபிக்குத் தண்ணீர் ஏற்றினாள்.

அன்று அங்கேயே தங்கினோம். அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். மாமா பாய் விரித்துக் கொடுத்தார், தலையணைக்கு உறை மாற்றினார். ஓசூரைப் பற்றி யாரும் பேசவில்லை. மெர்சி சொன்ன முழங்காலும் சரிவும் பொய்யாகிவிடவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு நான் வருவதென்றும், காலையும் மாலையும் அவளிடம் அவர் பேசுவதென்றும் பின்னால் ஏற்பாடு செய்தோம். அவர் கடைசிவரை அந்த வீட்டைப் பூட்டவில்லை.

மறுநாள், மே 13, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். மாமாவின் அறையில் குறட்டை கேட்டது. வாசல் கதவைத் திறந்தேன். படிக்குக் கீழே எங்கள் செருப்பு இல்லை. அவருடைய ஹவாய் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. வெறுங்காலோடு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னுடையதும் செலினுடையதும் ஜோடியாக இருந்தன. கீழே இறங்கி வந்தேன். முதல் வேலையாக மாமாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போய், எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.